“இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ”



இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு இலவசமாகக் கிடைத்த அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ.” ஸ்காபரோவில் கட்டுப்படியாகாதா, ஏஜாக்ஸ் பாருங்கோ. அங்கயும் சரிவராதா, ஒஷாவா பாருங்கோ. அதுவும் இல்லையா, லண்டன், வின்சர். சொந்தக்காரர், வேலையிடத்து நண்பர்கள், கோயிலில் காண்கிறவர்கள், வீட்டு முகவர்கள் எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். நாங்களும் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். அந்த அறிவுரை ஏன் பிழை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் கதை. ஒன்பது வருடமாக ஸ்காபரோவில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். வீட்டுக்காரரும் எங்கட ஆள்தான். பொங்கலுக்குப் பொங்கல், வருசத்துக்குப் பலகாரம் என்று பழகிய குடும்பம். 2025 ஜனவரியில் என் 12 படிவம் வந்தது. மகன் குடிவரப் போகிறாராம். 60 நாள் அவகாசம், ஒரு மாத வாடகை நட்டஈடு. “தம்பி, குறை நினைக்காதையுங்கோ” என்றார் அண்ணை. நாங்கள் குறை நினைக்கவில்லை. சொன்ன திகதிக்கு வீட்டைக் கூட்டிக் கழுவித் திறப்பைக் கொடுத்துவிட்டு மச்சாளின் பேஸ்மென்றுக்குப் போனோம். மகன் வரவில்லை. மூன்று கிழமையில் அதே வீடு விளம்பரத்தில் வந்தது. நாங்கள் கட்டியது 1,750 டொலர். விளம்பரத்தில் 3,100.

இதை ஒரு அண்ணையின் குணக்கோளாறு என்று விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. ஒன்ராறியோவில் இருக்கிற குடியிருப்பாளரின் வாடகையை வருடத்துக்கு எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு வரையறை உண்டு. 2025க்கு அது 2.5 சதவீதம். ஆனால் ஆள் மாறினால் அந்த வரையறை இல்லை, கேட்டதுதான் விலை. 1990களின் கடைசியில் மைக் ஹரிஸின் கொன்சர்வேட்டிவ் அரசு செய்த வேலை இது. பிறகு 15 வருடம் ஆண்ட லிபரல்களும் அதை அப்படியே விட்டார்கள். டக் போர்ட் அரசு வந்து, 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறப்படும் வீடுகளுக்கு வருடாந்த வரையறையையும் எடுத்துவிட்டது. ஆக, பழைய குடியிருப்பாளர் இருந்தால் நட்டம், எழுப்பினால் இலாபம். கணக்கைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. அண்ணை விடையை மட்டும் எழுதினார்.

சரி, வின்சருக்கு வருகிறேன்.

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். 401 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 380 கிலோமீட்டர். மில்ரன் தாண்ட வீடுகள் குறைந்து, லண்டன் தாண்ட வயல் மட்டும், சதம் பக்கம் காற்றாலைகள். பின்சீற்றில் இருந்த அம்மா கேட்டார், “இது யாழ்ப்பாணத்திலயிருந்து கொழும்புக்குப் போற தூரமெல்லே? வேலைக்கு எப்பிடியடா வந்து போவாய்?” நியாயமான கேள்வி. என் வேலை ஸ்காபரோவில். மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை. முகவர் சொன்ன திட்டம், “கிழமை நாளில ஆரும் சொந்தக்காரரோட நில்லுங்கோ, சனி ஞாயிறு வீட்ட வாங்கோ.” குடும்பத்துக்கு வீடு வாங்குவதற்காகக் குடும்பத்தை விட்டுத் தனிய இருக்கும் திட்டம்!

அன்று நான்கு வீடு பார்த்தோம். மூன்றாவது வீடுதான் என்னை இதை எழுத வைத்தது. சின்னச் செங்கல் வீடு, பின்னுக்கு ஒரு ஆப்பிள் மரம், விலையும் எட்டக்கூடியது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். வாடகைக்கு இருக்கும் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். நாங்கள் அறை அறையாகத் திறந்து பார்த்து, அலுமாரிக்குள்ளும் எட்டிப் பார்க்க, அவர் சோபாவில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். சுவரில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள். எங்கள் ஸ்காபரோ வீட்டுக் கதவு நிலையிலும் அப்படி இருந்தது.

வெளியே வந்து முகவரிடம் கேட்டேன். “அது பிரச்சினையே இல்லை அண்ணை. நீங்கள் குடிவாறியள்தானே, என் 12 குடுத்து 60 நாளில எழுப்பலாம்” என்றார்.

அதே படிவம். ஜனவரியில் எனக்கு வந்ததை இனி நான் கொடுக்கவேண்டும்.

நாங்கள் அந்த வீட்டுக்கு விலை வைக்கவில்லை. எங்கள் நல்ல மனசைக் காட்ட இதைச் சொல்லவில்லை, வங்கிக் கணக்கும் இழுபறிதான். மனைவிக்கு அந்த வீடு பிடித்திருந்தது. திரும்பி வரும்போது லண்டன் மட்டும் நாங்கள் கதைக்கவில்லை. எங்களுக்கு முந்தியோ பிந்தியோ வேறொரு ரொறன்ரோக் குடும்பம் அதை வாங்கியிருக்கும். அந்தத் தாய் இன்னும் தள்ளிப் பார்க்க வெளிக்கிட்டிருப்பார். வின்சருக்கு அங்கால் ஆறு, ஆற்றுக்கு அங்கால் டிட்ரொயிட். அவர் எங்கே தள்ளிப் போவது?

தூரம் தீர்வில்லை என்று நான் சொல்வது இதைத்தான். ஸ்காபரோவில் எழுப்பப்பட்டவர் வின்சரில் ஒருவரை எழுப்புகிறார். இடையில் வங்கிக்கு வட்டி, முகவருக்குத் தரகு, எங்களுக்குப் பெற்றோல் செலவும் பிள்ளைகளைக் காணாத கிழமை நாட்களும்.

“வீடு இல்லாட்டி எங்கட சனத்துக்கு என்ன பாதுகாப்பு?” என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. அம்மா 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடிவந்தவர். அங்கே ஒரு பகுதிக் காணியை விட்டிருக்கிறார்கள், மிச்சம் இன்னும் இராணுவத்திடம். அம்மாவின் உறுதி ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது, காணிதான் இல்லை. அப்படிப்பட்ட சனம் உறுதிக்கு ஆசைப்படுவதில் என்ன பிழை? வாடகை வீட்டிலிருந்து எழுப்பப்படுவதைப் போரோடு நான் ஒப்பிடவும் இல்லை. ஆனால் உறுதி மட்டும் ஒருவரையும் காப்பாற்றாது என்பதை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ரொறன்ரோ நிலத்துக்கு மிசிசாகா மக்களிடம் 1787இலும் 1805இலும் எழுதி வாங்கிய கதையைப் படியுங்கள். அந்தக் கணக்கைத் தீர்க்கக் கனடா அரசுக்கு 2010 ஆனது, 145 மில்லியன் டொலர் கொடுத்து.

வேறு வழி கனவில்லை. ஒரு காலத்தில் இந்த நாட்டில் பொதுப்பணத்தில் கூட்டுறவு வீடுகள் கட்டினார்கள். ரொறன்ரோவில் தமிழர் பெயரிலேயே ஒரு கூட்டுறவுக் குடியிருப்பு இருக்கிறது. 1993இல் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குப் பணத்தை நிறுத்தியது. 1995இல் ஹரிஸ் அரசு மாகாணத் திட்டங்களையும் வெட்டியது. நாங்கள் 401இல் ஓடும் ஓட்டம் அங்கே தொடங்கியது. எதிர்த்து நின்றவர்களும் உண்டு. 2017இல் பார்க்டேலில் 300க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் மாதக்கணக்கில் வாடகையை நிறுத்தி, வாடகை உயர்வைக் குறைக்க வைத்தார்கள். அவர்கள் தள்ளிப் பார்க்கவில்லை, இருந்த இடத்தில் சேர்ந்து நின்றார்கள்.

ஆள் மாறினாலும் வாடகை வரையறை தொடர வேண்டும், 2018 விலக்கு போகவேண்டும், கூட்டுறவு வீடுகளுக்குப் பொதுப்பணம் திரும்ப வேண்டும். இவை அரசிடம் கேட்பவை. எங்களுக்குள் கேட்பதும் ஒன்று உண்டு. எங்கட வானொலி, பத்திரிகை, நாட்காட்டி எல்லாம் வீட்டு முகவர் படங்கள். பேஸ்மென்றில் இருக்கிற சனத்துக்கு உரிமைகளைத் தமிழில் சொல்ல ஒரு பக்கம் கூட இல்லை.

ஆகவே இங்கேயே சொல்கிறேன். என் 12 கையில் வந்தவுடன் வெளிக்கிட வேண்டியதில்லை, அது வெறும் அறிவித்தல். வாடகைச் சபையின் கட்டளை இல்லாமல் உங்களை எவரும் எழுப்ப முடியாது. பொய்க் காரணம் சொல்லி எழுப்பியிருந்தால், வெளியேறி ஒரு வருடத்துக்குள் ரீ 5 விண்ணப்பம் போடலாம். ஜனவரியில் இது எனக்குத் தெரியாது. இப்போது போட்டிருக்கிறேன். “எங்கட ஆளுக்கு எதிரா ஏன்?” என்று இரண்டு பேர் தொலைபேசி எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதற்கென ஒரு குழு தொடங்கக் கேட்கப் போகிறேன். படிவங்களைத் தமிழில் விளக்கவும், விசாரணை நாளில் பக்கத்தில் இருக்கவும் நாலு பேர் போதும். வரக்கூடியவர்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ.

தோழமையுடன்,
இன்னும் பேஸ்மென்றில் இருக்கும் ஒரு வாசகர்