டிஸ்க் மேல் பழி போடாதீர்!



கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து படிக்கும் எங்கள் வீட்டின் முதல் ஆள் நான். அப்பாவுக்கு மிளகும் சாமையும் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆகவே என் கைக்கு ஒரு லேப்டாப் வந்தது எங்கள் ஊருக்கே சேதி! 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது அது. திருப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "எனக்கு இனிமே இது எதுக்குடா? நீ படிக்கிறவன், வச்சுக்க" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அதில் 2 ஜி.பி. ராம். ப்ராஜெக்ட் வேலைக்கு அது எங்கே போதும்? ஒரு புரோகிராமைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்! அப்பா மிளகு விற்ற காசில் கொஞ்சம் கொடுத்தார். ஒரு கடையில் போய், "4 ஜி.பி. டி.டி.ஆர்.3 லேப்டாப் ராம் குடுங்கண்ணா" என்று கேட்டு, பழைய ராம் ஒன்று வாங்கினேன். ஹாஸ்டலில் நானே அடிமூடியைக் கழற்றி, 2-ஐ எடுத்துவிட்டு 4-ஐ மாட்டினேன். மெஷின் பறந்தது... இரண்டே நாள்!

மூன்றாம் நாள் நீலத்திரை. திரும்ப ஆன் செய்தால், டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிபார்க்கவும் என்றது. சரிபார்த்தேன். மறுபடி நீலத்திரை. மறுபடி சரிபார்த்தேன். மூன்று தடவை! ஒவ்வொரு தடவையும் இன்னும் சில ஃபைல்கள் காணாமல் போயின. தெரிந்தவர் ஒருவரிடம் காட்டியதும் தீர்ப்பு வந்தது: "டிஸ்க் போச்சு தம்பி. புதுசு போட்டுக்க. உள்ள இருக்கறத மறந்துடு."

மறப்பதா? உள்ளே மூன்று பேர் சேர்ந்து எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருந்தது. அதற்கும் மேலே, என் அப்பாயி களை எடுக்கும்போது பாடிய 11 பாட்டுகள் இருந்தன. போனில் பதிந்தவை. போனில் இடம் இல்லையென்று லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிட்டேன். அப்பாயி போன ஆடியில் தவறிப்போனார். வேறு காப்பி கிடையாது.

தூக்கம் வராத அந்த ராத்திரியில் எங்கள் மலைப் பஸ் ஞாபகம் வந்தது. வளைவில் வண்டி மக்கர் பண்ணினால், டிரைவர் அண்ணன் இன்ஜினை மாற்றச் சொல்லமாட்டார். முதலில் கேட்பது, "நேத்து ஷெட்டுல என்னத்தைப்பா மாத்துனாங்க?" என்றுதான். நான் கடைசியாக மாற்றியது என்ன? ராம்!

காலையில் பழைய 2 ஜி.பி.-யைத் திரும்ப மாட்டினேன். நீலத்திரை நின்றுபோனது. லேப்பில் சார் அனுமதியோடு டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' கணக்கைப் பார்த்தோம். கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டார் 0. சந்தேகத்தில் நிற்கும் செக்டார் 0. கேபிள் பிழை 0. டிஸ்க் கல்லு மாதிரி இருக்கிறது! பிறகு 4-ஐ மாட்டி 'மெம்டெஸ்ட்86+' ஓட்டினோம். சில நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள். சரி, ராம்தான் கெட்டது என்று நினைத்தேன். அதே ராமை லேப்பில் இருந்த வேறொரு பழைய லேப்டாப்பில் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டினால்... ஒரு பிழைகூட இல்லை!

டிஸ்க்கும் நல்லது. ராமும் நல்லது. சேர்க்கைதான் தப்பு. சாதா டி.டி.ஆர்.3 ராமுக்கு 1.5 வோல்ட் வேண்டும். என் மெஷின் கொடுப்பது 1.35 வோல்ட், அதற்கு வேண்டியது டி.டி.ஆர்.3எல். இரண்டுக்கும் பள்ளம் ஒரே இடத்தில் இருப்பதால் அழகாக உட்காரும். ஆனால் உட்காருவதெல்லாம் ஒத்துப்போகாது. லேபிளில் 'எல்' இருக்கிறதா என்று பார்க்காதது கடைக்காரர் தப்பல்ல, என் தப்பு.

சரி, ராம் தகராறுக்கு டிஸ்க் ஏன் கெட்ட பெயர் வாங்குகிறது? டிஸ்க்குக்குப் போகிற ஃபைல் எல்லாம் ராமில் தங்கித்தான் போகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்டதையே டிஸ்க் உண்மையென்று எழுதி வைக்கும். கணக்குப்பிள்ளை தப்பாகச் சொன்னால் நோட்டைக் கிழித்து என்ன லாபம்? இதைவிட மோசம், அந்த ராமை வைத்துக்கொண்டே டிஸ்க்கை ரிப்பேர் செய்வது. ரிப்பேர் புரோகிராமும் அதே ராமில்தானே ஓடுகிறது! நல்லதையும் கெட்டதென்று நினைத்து வெட்டிவிடும்.

ராம் தப்பே செய்யாது என்று நினைக்கவேண்டாம். கூகுள் நிறுவன சர்வர்களை வைத்து டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பியங்கா ஷ்ரோடரும் கூகுள் பொறியாளர்களும் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம் ஸ்டிக்குகளில் பிழை வந்திருந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், நம் ஹாஸ்டல் லேப்டாப் எம்மாத்திரம்?

என் கருத்து இதுதான், தோழர்களே. ராமின் வகைகளை எழுதி மார்க் வாங்குகிறோம். பழுது எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்கு நாம் எத்தனை மணி நேரம் செலவழிக்கிறோம்? "மாத்திடு" என்பது காசு இருப்பவன் பேச்சு. கூலி வீட்டுப் பிள்ளைக்குத் தேடும் புத்திதான் மூலதனம்.

ராம் மாற்றப் போகிறவர்கள் தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். முதலில் முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் காப்பி எடுங்கள். ஹைபர்னேட்டில் விடாமல் முழுதாக அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றுங்கள். லேபிளைப் படியுங்கள். மூடும்போது டிஸ்க் கேபிள் அசைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டாமல் எந்த வேலையும் ஆரம்பிக்காதீர்கள். கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய ராமைப் போட்டுக் காப்பி எடுக்கும்வரை ரிப்பேர் பட்டனைத் தொடாதீர்கள்.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சங்க அறையில் மெம்டெஸ்ட் போட்ட பென் டிரைவ் ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். பழுதான மெஷினைக் கொடுத்து "கண்டுபிடி" என்று சொல்லும் ஒரு லேப் வகுப்பை செமஸ்டருக்கு ஒரு தடவையாவது நடத்தச் சொல்லிக் கேட்போம்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுதாகக் கிடைத்துவிட்டது. அப்பாயியின் பாட்டில் ஏழு கிடைத்தன. நாலு போய்விட்டன. அந்த நாலையும் டிஸ்க் தின்னவில்லை. யோசிக்காமல் மூன்று தடவை ரிப்பேர் பட்டனை அமுக்கிய என் விரல்தான் தின்றது.

உங்கள் வீட்டுப் பாட்டுக்கு இன்றைக்கே ஒரு காப்பி எடுத்துவிடுங்கள், தோழர்களே!