யாரை வெட்ட?

வீட்டிலேயே கத்தி செய்யக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “யாரை வெட்ட?” பழைய இரும்புக் கடையில் கேட்டார்கள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நாத்தனார் தொலைபேசியில் கேட்டார். பெரும்பாலும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

எனக்கு 46 வயது. எட்டு வயதில் அரிவாள்மணையின் முன் உட்காரவைக்கப்பட்டேன். அன்று தொடங்கி, நாளுக்கு ஒரு மணி நேரமாவது கூரான இரும்பு என் கையில் இல்லாமல் இருந்ததில்லை. யாரும் பயந்ததில்லை. விரலில் வெட்டு விழுந்தபோது மஞ்சளை அப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான். பெண் கையில் கூரான இரும்பு இருப்பதில் திருவாரூருக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. அது வெண்டைக்காயை நறுக்குகிறவரை, சம்பாவை அறுக்கிறவரை, மார்க்கெட்டில் கெண்டைக்குச் செதில் சீவுகிறவரை. அந்த இரும்பை அவளே செய்கிறாள் என்றதும்தான் யாரோ ஒருவருடைய கழுத்து இவர்களுக்கு நினைவு வருகிறது. யாருடைய கழுத்து, ஏன் அந்தக் கழுத்து என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். அவன் குடித்துவிட்டு வரும் நாளில் அரிவாள்மணையை நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே தெரியும். தான் ஓங்குவதற்காக அல்ல, தன்மேல் ஓங்கப்படாமல் இருப்பதற்காக ஒளிக்கிறார்கள். கத்தி வாங்கும் எந்த ஆணிடமும் யாரும் யாரை வெட்ட என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் சில வீடுகளில் பயன்பட்டிருக்கும்.

என் அம்மா கூலிக்கு அறுத்தவர். இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்கு ஏற்ப ஒரு பக்கமாகத்தான் கருக்கரிவாளுக்குக் கருக்கு வெட்டுவார்கள். தனக்கு மட்டும் மாற்றி வெட்டித் தரும்படி ஓர் ஆசாரியிடம் கேட்டிருக்கிறார். “அருவாளுக்குத் தக்கன கைய மாத்திக்க” என்றாராம் அவர். அம்மா கையை மாற்றிக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் வராத கையால் அறுத்தார். அதனால் கட்டு குறைந்தது, கூலியும் குறைந்தது. பிறகு அறுவடை இயந்திரம் வந்து கருக்கரிவாளையே வேண்டாததாக்கிவிட்டது. அதை ஓட்டி வருபவர் ஆண், வாடகை பேசுபவரும் ஆண். வயலோரத்தில் சிந்திய கதிரைப் பொறுக்க மட்டும் பெண்கள் மிஞ்சினார்கள். நானும் இடக்கைக்காரி. கடையில் விற்கும், ஒரு பக்கம் மட்டும் சரித்த கத்தியில் நான் பூசணிக்காயை வெட்டினால் கத்தி கோணலாக இறங்கும். கத்தி செய்ய எனக்கு இதற்கு மேல் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

லாரியின் உடைந்த ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டைக் கிலோ கணக்கில் வாங்கினேன். நல்ல உருக்கு அது. ஆனால் கத்திக்கு ரொம்பத் தடிமன். வீட்டில் அரத்தால் ராவி மெலிதாக்கினால் என் ஆயுள் போய்விடும். ஓடம்போக்கி ஆற்றைத் தாண்டி இருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆசாரி குறட்டில் இரும்பைப் பிடித்துத் திருப்புவார். அடிக்க வேண்டிய இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காட்டுவார். சம்மட்டியை ஓங்கி அடிப்பது அவர் மனைவி. என் பட்டையை நான்கு மில்லிமீட்டராக்கியது அந்தக் கைகள். சாலையோரம் கூடாரம் போட்டு அரிவாள் அடிக்கும் வடமாநிலக் குடும்பங்களிடமும் இதையே பார்க்கலாம்: ஆண் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார், பெண் நின்று அடிப்பாள். பஸ்ஸில் போகிற நாம் அதைப் பார்த்து ‘பாவம், பொம்பளை’ என்போம். கொல்லர் என்று சொல்ல மாட்டோம்.

ஆற்றங்கரைப் பட்டறையிலும் அவர் ஆசாரி, இவர் ஆசாரி வீட்டம்மா. முப்பது வருடமாக அடித்து அடித்து வலத் தோள் இறங்கிவிட்டது. அதற்காகப் போன மருத்துவமனையின் சீட்டை எனக்குக் காட்டினார். தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று இருந்தது.

புறநானூற்றின் 312ஆம் பாட்டைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பொன்முடியார் பாடியது. தாய்க்கு ஒரு கடமை, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று அதில் பங்கு பிரிக்கப்படும். தாயின் பங்கு பெறுவதும் வளர்ப்பதும். இரும்பு கொல்லனின் பங்கு. பாடியவர் பெண் என்பதை நம் தமிழய்யாக்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கோ அந்தக் கொல்லனின் உலையில் துருத்தி ஊதியது யார் என்ற கேள்விதான் எழுகிறது. அவனுடைய மனைவியாகத்தான் இருந்திருப்பாள் என்று ஊகிக்கிறேன். அவளும் பெற்றிருப்பாள், வளர்த்திருப்பாள், ஊதியும் இருப்பாள். பங்கு பிரித்தபோது ஊதியது கணக்கில் வரவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ஒன்றிய அரசு 2023 செப்டம்பர் 17 அன்று பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், கொல்லர் தொழிலும் அதில் உண்டு. கருவிகள் வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். குடும்பவழித் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குலக்கல்வியின் மறுபிறவி என்று இங்கே எதிர்த்தார்கள், சரியான எதிர்ப்பு. மாற்றாக 2025இல் தமிழ்நாடு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் ஒன்றியத் திட்டத்தின் விதிகளில் இன்னொரு வரியும் இருக்கிறது: ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே பயன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். அந்த ஒருவர் யார் என்று சட்டம் சொல்லத் தேவையில்லை, வீடு சொல்லிவிடும். குறடு பிடித்தவர் கைவினைஞர் ஆவார், சம்மட்டி பிடித்தவர் அவருடைய குடும்பம் ஆவார். இந்த வரியைக் கண்டித்து ஒரு பேச்சையும் நான் கேட்ட எந்த மேடையிலும் கேட்கவில்லை. பகுத்தறிவு பேசும் மேடைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெண் தன் வீட்டுக் கொல்லையில் இரும்படிப்பது ஏதோ இந்தக் காலத்துப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தின் கிரேட்லி ஹீத் என்ற ஊரைத் தெரிந்துகொள்ளலாம். அங்கே பெண்கள் வீட்டுக்குப் பின்னால் உலை வைத்து, கைக்குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கிலி அடித்தார்கள். வீட்டில் செய்வதுதானே என்று வயிற்றுக்குப் போதாத கூலி. 1910இல் சட்டப்படி ஒரு குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டது: மணிக்கு இரண்டரை பென்ஸ். முதலாளிகள் தட்டிக்கழிக்கப் பார்த்தார்கள். மேரி மக்ஆர்தர் தலைமையில் பெண்கள் பத்து வாரம் உலையை அணைத்துப்போட்டுப் போராடி அந்தக் கூலியை வாங்கினார்கள். பலருக்கு அது பழைய கூலியைப்போல இரண்டு மடங்கு. யாரை வெட்டச் சங்கிலி செய்கிறீர்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்றுதான் பார்த்தார்கள்.

என் கொல்லைக்கு வருகிறேன். வாழைக்கும் கிணற்றடிக்கும் நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றிக் களிமண் பூச்சு, கொட்டாங்கச்சிக் கரி, கையால் சுற்றும் காற்றுப்பெட்டி. பட்டறையிலிருந்து வந்த பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, உமிச்சாம்பலில் புதைத்து ஒரு ராத்திரி ஆறவிட வேண்டும். நெல் அரைக்கும் ஊரில் உமிச்சாம்பலுக்குப் பஞ்சமில்லை. உருக்காலைகளில் உருகிய இரும்பின் சூடு தணியாமலிருக்க மேலே கொட்டுவதும் இதைத்தான். மெல்ல ஆறினால் இரும்பு இளகும், அரம் பிடிக்கும். பிறகு அறுப்பது, ராவுவது, இடக்கைக்கு ஏற்றபடி சரிப்பது. மூன்று வாரம், தினம் இரவு ஒரு மணி நேரம்.

துவைச்சல் போடுவதை எனக்குக் கற்றுத்தந்தது ஆசாரி வீட்டம்மாதான். இல்லை, இனி அவரை ஆசாரியம்மா என்றே எழுதுகிறேன். “வெயில்ல நிறம் தெரியாது தங்கச்சி, வெளக்கு வெக்கிற நேரத்துல செய்யி” என்றார். நானாகச் சேர்த்துக்கொண்டது காந்தம். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் பிடிக்காது. அதற்கு இன்னும் கொஞ்சம் மேலே போனதும் எடுத்து, இளஞ்சூடாக வைத்திருக்கும் கடலை எண்ணெயில் முனை நேராக இறக்க வேண்டும். எண்ணெய் குப்பென்று பற்றும். மூட ஒரு தட்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். நைலான் நைட்டி கூடவே கூடாது, பருத்திதான். பிறகு அரத்தை வைத்தால் கடிக்காமல் வழுக்க வேண்டும். வழுக்கினால் இரும்பு கெட்டியாகிவிட்டது; ஆனால் கண்ணாடிபோல, கீழே விழுந்தால் உடையும். அந்த வெடுக்கைத் தணிக்க, கடலை வறுப்பதுபோல இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி, பளபளப்பாகத் தேய்த்த கத்தியை அதில் கிடத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிறம் மாறிக்கொண்டே வரும். வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஊதா, நீலம் என்று போனால் கூர் நிற்காது.

என் முதல் கத்தி எண்ணெயில் கொஞ்சம் வளைந்தது. ஒரு பக்கம் மட்டும் சரித்த மெல்லிய தகடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, வளையும். இரும்பின் குணம் அது. என் தம்பி பைக் இன்ஜினைப் பிரித்துப்போட்டு இரண்டு வருடம் சேர்க்கத் தெரியாமல் திண்ணையில் வைத்திருந்தான்; அதை எல்லாரும் ‘கத்துக்கிறான்’ என்றார்கள். என் கத்தி வளைந்ததும் அதே வாய்கள், “அதான் அப்பவே சொன்னோம்ல” என்றன. ஆண் கெடுக்கும் இரும்பு படிப்புச் செலவு, பெண் கெடுக்கும் இரும்பு ஆதாரம். இன்னொரு கூட்டம் பாராட்டுகிறது, அது இதைவிட மோசம்: பெண்களுக்குப் பொறுமை இயற்கை, இந்த வேலை உங்களுக்குப் பொருந்தும் என்று. என்னிடம் பொறுமை கிடையாது. மூன்று வாரம் ராவியது கோபத்தில்.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன், நாளைக்கு யாராவது மிரட்டுவார்கள் என்று தெரிந்துதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறையில், வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்யப்பட்ட பொருள்கள் ஆயுதத்தில் சேரா. எனக்கு வசதியான வரிதான், மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டில் இருப்பது ஆயுதமில்லை என்பதைப் படிக்கும்போது, வீட்டுக்குள் அடிப்பது குடும்பப் பிரச்சினை, போய்ச் சமாதானமாக இரும்மா என்று காவல் நிலையங்களில் சொல்லி அனுப்பும் குரல்தான் காதில் கேட்கிறது. 2021இல் தமிழ்நாடு காவல்துறை, அரிவாள், கத்தி வாங்க வருபவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் குறித்துவைக்குமாறு பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. கொலைகள் நடக்கும் நாட்டில் அது வேண்டியதுதான். அப்படி நோட்டுப் போட்டால், அதில் விற்பவர் என்று ஆசாரியின் பெயர் வரும். அடித்தவரின் பெயர் எந்த நோட்டிலும் வராது.

இரண்டாவது கத்தி வளையவில்லை. பூவரசில் பிடி போட்டு, இரண்டு பித்தளை ஆணி அடித்தேன். அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது 74 வயது. கட்டிலில் உட்கார்ந்தபடியே முருங்கைக்காயை இடது கையால் நறுக்கினார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அறுப்புக்குப் போன நாளில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்ன கூலி வந்திருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தார்.

மூன்றாவதை ஒரு மீன்காரம்மா கேட்டிருக்கிறார். கொடுவாத் தலையைப் பிளக்கக் கனமான முதுகு வேண்டுமாம். நாளெல்லாம் அரிவாள்மணையில் குந்தி இடுப்புப் போய்விட்டது, நின்று வெட்ட வேண்டுமாம். 900 ரூபாய் சொன்னேன். அடிப்பதற்கு ஆசாரியம்மா கையில் தனியாகக் கொடுக்கும் 200 ரூபாயும் அதில் அடக்கம். கடையில் நானூறுக்குக் கிடைக்கிறதே என்றார். எத்தனை மணி நேர வேலை என்று விரல் விட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எண்ணூறு என்றார். சரி என்றேன். யாரை வெட்ட என்று அவர் கேட்கவில்லை. “பிடிய மட்டும் நல்லாத் தடியாப் போடு, மீன் கை வழுக்கும்” என்றார்.