கோல்ஃப் ஆடக் கிளம்பிய தம்பி... நினைவுப் போட்டிகள் எழுப்பும் ஒரு கேள்வி!

2001 செப்டம்பர் 11. நியூயார்க் தீயணைப்பு வீரர் ஸ்டீஃபன் சில்லருக்கு அப்போதுதான் டூட்டி முடிந்திருந்தது. அண்ணன்களோடு கோல்ஃப் ஆடக் கிளம்பிவிட்டார். வழியில், உலக வர்த்தக மையத்தில் விமானம் மோதிய தகவல் ஸ்கேனரில் வருகிறது. வண்டியைத் திருப்பினார். புரூக்ளினிலிருந்து மன்ஹாட்டன் போகும் சுரங்கச் சாலையை அதற்குள் மூடிவிட்டார்கள். மனுஷன் யோசிக்கவே இல்லை. சுமார் 27 கிலோ உபகரணங்களைச் சுமந்துகொண்டு சுரங்கத்துக்குள் ஓடினார். திரும்பி வரவில்லை. வயது 34. ஐந்து குழந்தைகளின் அப்பா.

அவருடைய குடும்பம் அந்த வருடமே ஓர் அறக்கட்டளை தொடங்கியது. 2002-லிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர் ஓடிய அதே வழியில் மக்கள் ஓடுகிறார்கள். நிதி திரட்டும் கோல்ஃப் போட்டிகளும் நடக்கின்றன. சில்லர் குடும்பம் மட்டுமில்லை. அமெரிக்காவின் பல ஊர்களில், இழந்தவரின் பெயரில் போட்டி நடத்தி, உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்ஸ் குழுவுக்கும் பணம் கொடுப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஏன் கோல்ஃப்?

நல்லா ஆடத் தெரியணும்னு அவசியமே இல்லை. நாலு பேர் ஒரு டீம். எல்லாரும் அடிப்பார்கள், யார் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ, அங்கிருந்து அடுத்த அடி. கத்துக்குட்டியும் கூச்சமில்லாமல் ஆடலாம். நாலைந்து மணி நேரம் சேர்ந்து நடக்கும்போது, போனவரைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கிறது. துக்க வீட்டில் வராத பேச்சு இங்கே தானாக வரும்.

காசு எங்கே போகுது?

உதாரணத்துக்கு, டிக்கெட் 200 டாலர். மைதானம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 120 டாலர் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க வரிச் சட்டப்படி மீதி 80 டாலருக்குத்தான் வரிச்சலுகை கேட்க முடியும். அதனால் டிக்கெட்டை மட்டும் நம்பினால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஸ்பான்சர் போர்டு வைக்கும் உள்ளூர் கடைகளும் குலுக்கல் டிக்கெட்டும்தான் கை கொடுக்கின்றன. 'ஒரே அடியில் குழியில் போட்டால் கார் பரிசு' என்கிறார்களே, அதற்கும் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுவார்கள்!

இடிக்கிற இடம்

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தன்னார்வலர்கள். சின்ன ஊர்களில் ஒரு பாதுகாப்பு உடை வாங்குவதே பெரிய செலவு. அங்கே இந்தப் பணம் நிஜமாகவே உயிர் காக்கும். ஆனால், இறந்தவரின் குடும்பத்துக்கு வசதியான நண்பர்கள் இருந்தால்தானே ஸ்பான்சர் கிடைப்பார்கள்? யாரையும் தெரியாத குடும்பம் இருக்கும் ஊரின் நிலையத்துக்கு யார் போட்டி நடத்துவது? தீ ஊர் பார்த்தா வரும்?

அன்பால் முடியாத கணக்குகளும் உண்டு. அன்று ஒரே நாளில் நியூயார்க் தீயணைப்புத் துறையினர் 343 பேர் இறந்தார்கள். இடிபாடுகளின் நச்சுத் தூசியால் வந்த நோய்களில், 2023-க்குள் இன்னொரு 343 பேர் போய்விட்டார்கள். அந்த மருத்துவச் செலவை எந்தக் கோல்ஃப் போட்டியாலும் கட்ட முடியாது. நிவாரண நிதி வற்றத் தொடங்கியபோது, நோயாளிகளே நாடாளுமன்றம் வரை போய்ப் பேச வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான், 2019-ல், நிதியை 2090 வரை நீட்டிக்கும் சட்டம் வந்தது.

நினைவுப் போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாக நடக்கட்டும். ஒரு பெயர் மறக்காமல் இருக்க அதுவே நல்ல வழி. ஆனா, நெருப்புக்குள்ள போறவருக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுக்கிறது அவரை அனுப்புறவங்க கடமை. அதைக் குலுக்கல் சீட்டு தீர்மானிக்கக் கூடாது.