கோழிக் கொட்டாயும் சிவில் துறையும்

மக்களே, இது கொஞ்சம் சீரியஸ் பதிவு. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க :-)

சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் பொறியியல் கல்லூரி போர்டுக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே போய் சிவில் துறை எங்கேன்னு கேட்டால்தான் சங்கடம். பல இடத்துல சீட்டு நிரம்பாமல் சுருங்கிப் போச்சு. சில இடத்துல மூடியே விட்டார்கள். 2024-ல் ஏ.ஐ.சி.டி.இ. ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை சீட்டுதான் என்ற உச்சவரம்பை எடுத்ததும், பெரிய கல்லூரிகள் கம்ப்யூட்டர் சீட்டைக் கூட்டிக்கொண்டன. சின்னக் கல்லூரிக்கு மிச்சம் காலி பெஞ்சு.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் (பேர் வேண்டாம்) துறையை மீட்க ஒரு யோசனை ஓடுகிறது. துறைப் பெயருக்கு முன்னால் 'ஸ்மார்ட்' என்று சேர்த்துவிடுவதாம். அட சாமி! போர்டுக்குப் பெயிண்ட் அடிச்சா பையன் வந்துருவானா?

என் கட்சி இதுதான். இந்த மண்ணுல என்ன கட்டுறாங்களோ, அதைப் பாடமாக்குங்க. துறை தானா எழுந்திருக்கும்.

நாமக்கல்லையே எடுத்துக்குங்க. ஊரைச் சுத்தி நீள நீளமாக் கோழிக் கொட்டாய். கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினா மூச்சிரைக்கும், அதிலே ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சு முட்டை ஓடு மெலிசாகும். ஆக, கொட்டாயைக் கிழக்கு மேற்கா நீட்டிக் கட்டுறதும், அகலத்தைக் குறைச்சுக் காத்தோட்டம் விடறதும், கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கறதும் நேரா லாப நஷ்டக் கணக்கு. வெப்பம், காற்று, நிழல் என்று கட்டடப் பொறியியலின் பாதிப் பாடம் இங்கேயே நிக்குது. எந்தக் கூரை எத்தனை டிகிரி குறைக்குதுன்னு நாலு மாணவர்கள் ஒரு சித்திரை பூரா அளந்தால், பண்ணைக்காரர் காசு குடுத்தே அந்த அறிக்கையை வாங்குவார்.

சேகோ ஆலைக் கழிவுநீர் அமிலம். காங்கிரீட்டை மெல்ல மெல்லத் தின்னும். அதைத் தாங்கும் தரையும் தொட்டியும் எப்படிப் போடறது? பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக் கொட்டாய்களில் அதிர்வும் இரைச்சலும். அதுக்கு என்ன சுவர், என்ன அஸ்திவாரம்? இதுக்கெல்லாம் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

சோதிச்சுப் பார்க்கப் பொருளும் பக்கத்திலேயே இருக்கு. மேட்டூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல், சங்ககிரியில் சிமெண்ட், சேலத்தில் துருப்பிடிக்காத எஃகு. திரும்பின பக்கமெல்லாம் ஜல்லிக் குவாரி. வேறென்ன வேணும்?

அடுத்தது லேப். 150 மி.மீ. காங்கிரீட் கட்டியை 28 நாள் தண்ணியில ஊறவெச்சு உடைச்சுப் பார்க்கற மெஷின் பெரும்பாலான கல்லூரியில் இருக்கு. பரீட்சைக்கு மட்டும்தான் அதோட தூசி தட்டுவாங்க. வீடு கட்டறவங்களுக்கு அதைத் திறந்து விடுங்க. எம்-சாண்டுன்னு சொல்லி வெறும் பாறைத்தூளை இறக்கிட்டுப் போறாங்களே, அதையும் சலிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். நம்ம ஊர்ல 11 மாடி இல்லைன்னு சும்மா இருந்துட முடியாது. 2002-ல் வந்த நிலநடுக்க விதித்தொகுப்பு (ஐ.எஸ். 1893) சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. இங்கே பாதி வீடு மேஸ்திரியும் வீட்டுக்காரரும் பேசி முடிச்சுக் கட்டறதுதான்.

"டிசைன் எல்லாம் ஆர்க்கிடெக்ட் வேலையாச்சே, சிவில் பையன் எதுக்கு அதைப் படிக்கணும்?"னு ஒரு கேள்வி வரும். 1972 சட்டப்படி பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைத்தான் போட்டுக்கொள்ளக் கூடாது, கட்டடம் வடிவமைக்கத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்புறம் என்ன? ஸ்ட்ரக்சரோடு வெளிச்சம், காற்று, வெக்கை எல்லாத்தையும் சேர்த்தே சொல்லிக் குடுங்க. வாரம் ஒரு நாள் அனுபவசாலி மேஸ்திரி ஒருத்தரை வகுப்புக்குக் கூப்பிடுங்க, மதிப்பூதியம் குடுத்து.

சம்பளம்? ஆரம்பத்துல ஐ.டி. அளவுக்கு வராது, ஒத்துக்கறேன். அதனாலதான் வருஷம் 60 பேர் வேணும்னு அடம் பிடிக்க வேண்டாங்கறேன். 20 பேர் போதும், விரும்பி வந்த 20 பேர். கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-ல் எட்டு மாணவர்களோடு ஆரம்பிச்ச சர்வே பள்ளிதானே! அன்னிக்கு நிலம் அளக்க ஆள் தேவைப்பட்டது, பள்ளி வந்தது. இன்னிக்கு நம்ம ஊர் தேவை என்னன்னு கல்லூரி நிர்வாகம் ஒரு நாள் பைக்கை எடுத்துட்டு ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தின்னு சுத்திப் பார்த்தாலே போதும்.

உங்க ஊர்க் கல்லூரியில சிவில் துறை எப்படி இருக்கு? சொல்லுங்க, பேசுவோம்.

டிஸ்கி: நான் சிவில் வாத்தியார் இல்லைங்க. இந்த ஊர்ல குடியிருக்கறவன், அவ்வளவுதான் :-)