"உப்பு தூக்கல்"னு அங்கே ஏன் சொல்லலை?

மயிலாப்பூர்ல ஏதாவது ஒரு மெஸ்ஸில் போய் உட்காருங்கள். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடிப் போச்சா? அடுத்த நிமிஷமே குரல் கேட்கும். "என்னப்பா, இன்னிக்கு சமையல்காரர் லீவா?" என்று கேட்காமல் நம்ம ஆள் கை கழுவ எழுந்திருக்க மாட்டார். காபி கொஞ்சம் தண்ணியாக இருந்தால் டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டு போகும்போதே, "இது ரெண்டாம் டிகாஷன்!" என்று கண்டுபிடித்துவிடும் ஜனங்கள் நாம்.

அதே ஜனங்கள் ஒரு இத்தாலியன் ரெஸ்டாரெண்டில் போய் உட்கார்ந்தால்? வாயே திறப்பதில்லை!

போன மாசம் நானும் அதைத்தான் செய்துவிட்டு வந்தேன். எங்க அம்மாவுக்கு எழுபது முடிந்தது. "பாட்டியை வழக்கமான ஹோட்டலுக்கே கூட்டிண்டு போகாதீங்க, புதுசா ஏதாவது பண்ணலாம்" என்று அக்கா பெண் பிடிவாதம் பிடித்தாள். அடையாறில் ஒரு இடம். மங்கலான விளக்கு, சுவரில் படகுப் படம், மெல்லிசா பாட்டு. அம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தாள். நாலு பேர். கார்லிக் பிரெட், வொயிட் சாஸ் பாஸ்தா, மார்கரீட்டா பீட்சா, கடைசியில் டிராமிசு.

பாஸ்தா வந்தது. நம்ம வீட்டுல ஜுரத்துக்குப் போடற கஞ்சியில் ரப்பர் குழாயை வெட்டிப் போட்ட மாதிரி இருந்தது. ஒரு வாய் உப்பு, அடுத்த வாய் ஒன்றுமே இல்லை. பீட்சாவின் நடுப்பகுதி சொதசொதவென்று, ஓரம் பிஸ்கட் மாதிரி. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, "நன்னாத்தான் இருக்கு, இல்ல?" என்றோம். பில்லோடு ஒரு சின்ன அட்டை வந்தது, சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டு. அதில் 'குட்' என்று டிக் போட்டுவிட்டு வந்தவள் நானேதான்.

அன்று ராத்திரி அம்மாவின் சர்க்கரை 268. அவள் இருபது வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவள். ஒருநாள் ஏறினால் குடி முழுகிப் போய்விடாது, டாக்டரே அப்படித்தான் சொன்னார். ஆனால் "என்ன சாப்பிட்டாங்க?" என்று அவர் கேட்டபோது எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. "ஏதோ பாஸ்தா, டாக்டர்..." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. என்னை உறுத்துகிற விஷயம் இதுதான்.

நமக்கு ஏன் வாய் வரவில்லை? சாம்பார் எப்படி இருக்கணும்னு நமக்குத் தெரியும். பாஸ்தா எப்படி இருக்கணும்னு தெரியாது. "இத்தாலியில இப்படித்தான் போலிருக்கு" என்று நினைத்துக்கொண்டு, நம் நாக்கு சொல்வதை நாமே நம்ப மறுக்கிறோம். தப்பாகச் சொல்லி, எதிரே நிற்கிற பையன் நம்மைப் பட்டிக்காடு என்று நினைத்துவிட்டால்? அந்தக் கூச்சத்தில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. அதனால் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

முதலில் பாஸ்தா. அது ஒன்றும் தேவலோகத்துச் சமாச்சாரம் இல்லை. நம்ம வீட்டு சேமியாவை ஆங்கிலத்தில் வெர்மிசெல்லி என்கிறோமே, அது இத்தாலிய வார்த்தைதான். கெட்டியான துரம் கோதுமை ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அச்சில் பிழிந்து காயவைப்பதுதான் பாஸ்தா. காய்ந்த பாஸ்தாவை இந்த ரவையில்தான் செய்யணும் என்று இத்தாலியில் 1967லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சும்மா இல்லை. துரம் கோதுமையின் புரதம் மாவுச்சத்தை வலை மாதிரிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அது மெதுவாகத்தான் ஜீரணமாகும், சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஒரு நிபந்தனை: கடித்தால் நடுவில் லேசாகப் பல்லுக்குத் தட்டுப்படுகிற பதத்தில் இறக்கிவிட வேண்டும். குழைய விட்டால் போச்சு! மைதாவில் செய்ததை முன்கூட்டியே வேகவைத்து, ஆர்டர் வந்ததும் சூடு பண்ணிக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். 'பாஸ்தா குழைந்திருக்கு' என்பது ருசிக் குறை மட்டும் இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு அது உடம்பு விஷயம்.

அளவையும் பாருங்கள். இத்தாலிக்காரர்களுக்கு ஒரு ஆளுக்கு 80 கிராம் பாஸ்தா, அதுவும் வேகவைப்பதற்கு முந்தைய எடை. நம்ம ஊரில் ஒரு பெரிய குழிக் கிண்ணம் நிறைய வருகிறது. தொட்டுக்கொள்ள வெண்ணெய் சொட்டும் பிரெட் வேறே!

அப்புறம் இந்த வொயிட் சாஸ். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டுக் கிளறுவது. இத்தாலியில் அதைப் பெரும்பாலும் லசான்யா மாதிரி சில பண்டங்களுக்கு அடுக்கு அடுக்காகத்தான் பூசுவார்கள். அன்றாட பாஸ்தாவுக்குத் தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், அல்லது ஏதாவது கீரை, பருப்பு. நம்ம ஊரில் என்னடா என்றால் மைதா சாஸில் க்ரீமும் ப்ராசஸ்டு சீஸும் கொட்டி, அதுதான் 'இத்தாலியன்' என்று குழந்தைகளுக்குப் பழக்கிவிட்டோம். சீஸில் உப்பு, வெண்ணெயில் உப்பு, மேலே தூவுகிற பொடியிலும் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிளட் பிரஷர்காரர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பீட்சாவுக்கு வருவோம். 1996ல் சென்னையில் பீட்சா கார்னர் ஆரம்பித்தபோது க்யூவில் நின்ற தலைமுறை நாங்கள். அந்தக் கடை பிறகு கை மாறி, மறைந்தே போய்விட்டது. அன்று முதல் பீட்சா என்றால் கனமான ரொட்டி மேல் கால் இஞ்சுக்குச் சீஸ் என்றே மனசில் பதிந்துவிட்டது. நேப்பிள்ஸ் ஊரில் அப்படி இல்லை. மாவைக் குறைந்தது எட்டு மணி நேரமாவது புளிக்க விடுவார்கள். விறகு அடுப்பில், 430 டிகிரிக்கும் மேலான சூட்டில், ஒன்றரை நிமிஷத்துக்குள் எடுத்துவிடுவார்கள். மேலே தக்காளி, கொஞ்சம் மொசரெல்லா, நாலு துளசி இன இலை. இந்தக் கைத்தொழிலை 2017ல் யுனெஸ்கோவே பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இட்லி மாவைப் புளிக்க விடாமல் ஊற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்றைக்கு எங்கள் பீட்சா வயிற்றில் கல்லாக உட்கார்ந்ததே, அதே கதைதான்!

இனி நான் சொல்லப் போவது சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அசல் பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைத்தான் சேர்க்கிறார்கள். அதனால் 'அசல் பார்மேசான்' என்று பெருமை அடித்துக்கொள்கிற இடத்தில் கட்டாயம் கேளுங்கள். நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட் போட்ட சீஸ்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று காட்டச் சொன்னால் தப்பே இல்லை. அவ்வப்போது கையால் செய்கிற பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. டிராமிசுவின் அசல் செய்முறையில் முட்டை மஞ்சள் கரு உண்டு, சில இடங்களில் ஒயினும் உண்டு. பெஸ்டோவில் கொட்டை வகைகள் அரைபடும், முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தை இருந்தால் ஜாக்கிரதை.

நாங்களும் கேட்டோம். "இது வெஜ்தானே தம்பி?" "யெஸ் மேடம்!" என்றான் பையன், காதில் விழுவதற்கு முன்பே. மெனுவில் மற்ற எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது, டிராமிசுவுக்கு மட்டும் எந்தப் புள்ளியும் இல்லை. அதை வீட்டுக்கு வந்து அக்கா பெண் தன் போனில் எடுத்த படத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தோம். மறுநாள் போன் போட்டுக் கேட்டேன். "அது எங்களுக்கு வெளியிலேர்ந்து வருது மேடம், விசாரிச்சு சொல்றோம்" என்றார்கள். இன்று வரை சொல்லவில்லை. எழுபது வருஷமாக முட்டையைத் தொடாதவள் அம்மா. "தெரியாம சாப்பிட்டது, விடு" என்று என்னைத்தான் சமாதானம் செய்தாள். அன்றைக்கு அவள் ஸ்லோகம் சொல்லி முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. சர்க்கரை 268 ஏறினதைவிட எனக்கு இதுதான் பாரமாக இருக்கிறது.

பில் 3,400 ரூபாய்ச் சொச்சம். அதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று பத்து சதவீதம். இதை ஹோட்டல்காரர்கள் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நான் கேட்கவில்லை. பிறந்தநாள் அதுவுமா எதற்கு வாக்குவாதம் என்ற வழக்கமான சப்பைக்கட்டு!

பத்து கிளைகளோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒற்றைக் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நம் வாய்தான் மெனு கார்டு.

ரெண்டு வாரம் கழித்து அக்கா பெண் எங்களை தி. நகரில் வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போனாள், பாவம், அவளுக்குக் குற்ற உணர்ச்சி. இந்தத் தடவை அம்மா மெனுவைத் திறக்கவே இல்லை. வந்த பையனை நிறுத்தி வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, பாஸ்தா மைதாவா, ரவையா? சீஸ் பாக்கெட்டைக் கொண்டு வந்து காட்ட முடியுமா? முட்டை எதெதுல இருக்கு?" என்று வரிசையாகக் கேட்டாள். பக்கத்து டேபிள் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

பையன் உள்ளே போனான். ஐந்து நிமிஷம் கழித்துச் சமையல்காரரே ஏப்ரனோடு வெளியே வந்தார், கையில் பாஸ்தா பாக்கெட். "ரவைதான் பாட்டி, நீங்களே பாருங்க. ஆனா பார்மேசான்னு போட்டிருக்கோமே, அது ப்ராசஸ்டு சீஸ்தான்."

"அப்போ கார்டுல அதையே எழுதிடுங்கோ தம்பி" என்றாள் அம்மா. தக்காளி ஸ்பகெட்டி ஒன்று வாங்கி, பாதியை என் தட்டில் தள்ளிவிட்டு, மீதியை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். அதையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.