சுரங்கத் தொழிலாளி மகனுக்கு ஸ்பானிஷ் எதற்காம்?

அமெரிக்காவிலே மேற்கு வர்ஜீனியா என்றொரு ராஜ்யம் இருக்கிறது. மலையும் நிலக்கரியும் நிறைந்த பூமி. பணக்கார நாட்டின் பரம ஏழை ராஜ்யங்களில் அதுவும் ஒன்று. அங்கே மார்கன்டவுன் நகரிலுள்ள ராஜ்ய சர்வகலாசாலையின் நிர்வாகம் 2023 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கஜானாவில் 4.5 கோடி டாலர் துண்டு விழுகிறதாம். ஆகவே உலக பாஷைகள் துறையை அடியோடு கலைத்துவிடப் போகிறார்களாம். ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், ருஷ்யன், சீனம், எல்லாவற்றுக்கும் ஒரே முழுக்கு! எந்தப் பட்டத்துக்கும் அந்நிய பாஷை கட்டாயமில்லை என்று செய்யவும் யோசனை. ஆசைப்படுகிறவர்களுக்குக் கைப்பேசிச் செயலிக் கம்பெனி ஒன்றோடு ஏற்பாடு செய்துகொள்ளலாமா என்றும் பார்க்கிறார்களாம்!

இது வெறும் வரவு செலவு விவகாரம், இதில் அரசியல் என்ன இருக்கிறது என்று கேட்கிற கனவான்கள் உண்டு. சரி, அவர்கள் விரும்புகிறபடியே கணக்கையே பார்ப்போம்.

அதே 2023 ஜூலையில் அந்த ராஜ்யத்தின் கவர்னர் ஜிம் ஜஸ்டிஸ், சர்க்கார் கஜானாவில் ஏறத்தாழ 180 கோடி டாலர் உபரி இருக்கிறது என்று மார்தட்டினார். இந்தக் கவர்னர் யார்? நிலக்கரிச் சுரங்க முதலாளி. அந்த ஆண்டு மார்ச்சில் அவர் கையெழுத்திட்ட சட்டம் வருமான வரியை 21.25 சதவிகிதம் வெட்டியது. அதிக வருமானக்காரனுக்கு அதிக லாபம், கூலிக்காரனுக்குச் சில்லறை. சர்வகலாசாலையின் துண்டு 4.5 கோடி, சர்க்காரின் உபரி 180 கோடி. நாற்பதில் ஒரு பங்கு எடுத்துக் கொடுத்திருந்தால் காரியம் முடிந்தது. கொடுக்கவில்லை. பணம் இல்லாமல் அல்ல, மனம் இல்லாமல்.

சர்வகலாசாலைத் தலைவர் கார்டன் கீ 2014இல் பதவிக்கு வந்தபோது, 2020க்குள் மாணவர் தொகையை 40,000 ஆக்குவேன் என்று முழங்கினார். தொகை ஏறவில்லை, இறங்கியது. கட்டடங்களுக்கு வாங்கிய கடன் மட்டும் நின்றது. கணக்குத் தப்பியதற்கு யார் விலை கொடுத்தார்கள்? தலைவரா? அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 8 லட்சம் டாலர். ஆசிரியர்களை வெட்டிய அதே ஆண்டில் அவருடைய ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டுக்கு நீட்டித்தார்கள். செப்டம்பர் 6ஆம் தேதி ஆசிரியர்கள் கூடி, அவர்மீது நம்பிக்கையில்லை என்று 797க்கு 100 என்ற கணக்கில் வாக்களித்தார்கள். நிர்வாகக் குழு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் 2025 வரை நாற்காலியில் இருந்துவிட்டுத்தான் இறங்கினார்.

'மாணவர்களே பாஷை படிக்க வரவில்லை, நாங்கள் என்ன செய்வது?' என்பது அடுத்த சமாதானம். தொகை குறைந்திருப்பது உண்மைதான், மறுக்கவில்லை. அமெரிக்கா முழுவதும் கல்லூரிகளில் அந்நிய பாஷை படிப்போர் 2016க்கும் 2021க்கும் இடையே 16.6 சதவிகிதம் குறைந்தார்கள். ஸ்பானிஷ் மட்டும் 18 சதவிகிதம் சரிந்தது. சரிந்த பிறகும் ஸ்பானிஷ் படித்தவர்கள் 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல்! ஏன் குறைந்தார்கள் என்று அல்லவா கேட்க வேண்டும்? அங்கே சர்வகலாசாலையில் சேரும் ஏழை வாலிபன் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைகிறான். பட்டம் வாங்கிய சில மாதங்களிலேயே தவணை வாசலில் வந்து நிற்கும். இந்த நிலையில், எந்தப் படிப்பு முதல் மாதமே அதிகச் சம்பளம் தரும் என்றுதானே அவன் பார்ப்பான்? கழுத்தில் கயிற்றைப் போட்டு இறுக்கிவிட்டு, பையனுக்குப் பாட்டுப் பாட ருசியில்லை என்று சொல்கிறார்கள்.

ஹார்வர்டிலும் யேலிலும் படிக்கிற கோடீஸ்வரன் பிள்ளைகளுக்கு மட்டும் ஸ்பானிஷ் வகுப்பும் இலக்கியமும் பேராசிரியரும் இன்றும் உண்டு. பட்டியல் போட்டுப் பூட்டுப் போடுவதெல்லாம் சுரங்கத் தொழிலாளி மகனும், ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள் மகளும் படிக்கிற இடத்தில்தான். அவர்களுக்குக் கைப்பேசி போதுமாம்! காபி என்ன விலை, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கக் கைப்பேசி சொல்லித் தரும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1936 ஆகஸ்டில் கவிஞர் லோர்க்காவைப் பாசிஸ்டுகள் ஏன் சுட்டுக் கொன்றார்கள் என்று அது சொல்லித் தருமா? ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதை எழுதியவன் யார் பக்கம் நிற்கிறான் என்று ஆசிரியரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்க இடம் கொடுக்குமா?

இனி, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுகிற பகுதிக்கு வருகிறேன்.

மேற்கு வர்ஜீனியாவுக்கும் ஸ்பானிஷ் பாஷைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஹாரிசன் கவுண்டிக்குப் போய்ப் பார்க்கட்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே துத்தநாகம் உருக்கும் ஆலைகள் எழுந்தன. அந்த உலை வேலையில் கைதேர்ந்தவர்கள் வடக்கு ஸ்பெயினில் அஸ்தூரியாஸ் பிரதேசத்துத் தொழிலாளிகள். அவர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி வந்தார்கள். ஆன்மூர், ஸ்பெல்டர் என்ற ஆலையூர்களில் ஸ்பானிஷ் பேச்சு தெருப்பேச்சாயிற்று. உலை நெருப்பில் வெந்தார்கள். துத்தநாகப் புகையைக் குடித்தார்கள். ஸ்பெல்டர் மண்ணில் ஆலை விட்டுப்போன நஞ்சுக்காக டூபாண்ட் கம்பெனியே பொறுப்பு என்று 2007இல் அதே கவுண்டி ஜூரிகள் தீர்ப்புச் சொல்லும்படி ஆயிற்று. இந்தத் தொழிலாளிகளின் தாயகத்தில்தான் 1934 அக்டோபரில் சுரங்கத் தொழிலாளிகள் ஆயுதமேந்தி எழுந்தார்கள். அந்த எழுச்சியை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த பட்டாளத்தை ஏவி ரத்த வெள்ளத்தில் மூழ்கடித்த தளபதி, பின்னாள் சர்வாதிகாரி பிராங்கோ.

இந்த ஆலைக் குடியிருப்பின் வாழ்க்கையை அங்கேயே வளர்ந்த காவின் கன்ஸாலஸ் நாவலாக எழுதி வைத்தார். பெயர் 'பின்னிக் கின்னிக் ஹில்'. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 2003இல்தான் அது அச்சேறியது. யார் அச்சிட்டார்கள் தெரியுமா? மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலைப் பதிப்பகம்! ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பையும் ஒரே புத்தகமாகப் போட்டார்கள். மொழிபெயர்த்தவர் யார்? அந்தச் சர்வகலாசாலையிலேயே பாஷைத் துறை ஆசிரியர்! பெயர் தெரியாமல் மடிந்த உலைத் தொழிலாளிகளின் கதையை, அவர்களுடைய சொந்த பாஷையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்த துறை அது. இருபது ஆண்டு கழித்து, அந்தத் துறையினால் பிரயோஜனமில்லை என்று ஆலோசனைக் கம்பெனிக்குப் பணம் கொடுத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

நம்மவர்களிலேயே சிலர் வேறு விதமாகக் கேட்கலாம். 'தோழரே, ஸ்பானிஷ் கொள்ளைக்காரனின் பாஷை அல்லவா? அமெரிக்கக் கண்டத்தின் ஆதிக்குடிகளை அழித்தவன் பேசியது அதுதானே? அதற்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும்?' நியாயமான கேள்வி. கொலம்பஸ் கப்பலேறிய அதே 1492இல் நெப்ரிஹா என்ற பண்டிதர் ஸ்பானிஷ் பாஷைக்கு இலக்கணம் எழுதி, சாம்ராஜ்யத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று ராணி இஸபெல்லாவின் காலடியில் வைத்தது உண்மை. கெச்சுவா பேசியவர்களின் நாக்கை அடக்கியதும் உண்மை. பெருவில் கெச்சுவாவுக்கு ஆட்சி மொழி அந்தஸ்துக் கிடைக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த உண்மைகளை எங்கே கற்கிறோம்? சர்வகலாசாலை வகுப்பில், அந்த பாஷையின் ஆவணங்களைப் படித்துத்தான். மேலும், பாஷை கொள்ளையனோடு நின்றுவிடவில்லை. மரியாதேகி பெரு நாட்டுக் குடியானவனின் நிலப் பிரச்சினையை அந்த பாஷையில்தான் எழுதினார். 1961இல் கியூபாவில் லட்சம் வாலிபர்கள் விளக்கும் புத்தகமுமாக மலையேறி, ஏழு லட்சம் பேருக்கு எழுத்தறிவித்ததும் அந்த பாஷையில்தான். ஹவானாவில் 1999இல் துவக்கிய லத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் அமெரிக்க ஏழை வாலிபர்களும் கட்டணமில்லாமல் படித்து டாக்டராகியிருக்கிறார்கள். அந்த வகுப்பில் உட்கார ஸ்பானிஷ் தெரிய வேண்டும். நாளை மேற்கு வர்ஜீனியாவின் ஏழைப் பெண்ணொருத்தி அங்கே போக நினைத்தால், யாரிடம் கற்பாள்?

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நாலு கோடிக்கு மேல். வயலில் பழம் பறிப்பவன், கோழி அறுக்கும் ஆலையில் நிற்பவள், கட்டடத்தில் கல் சுமப்பவன், இவர்களில் எத்தனை பேர் அந்த பாஷைக்காரர்கள்! பக்கத்தில் நிற்கும் வெள்ளைத் தொழிலாளி அவர்களோடு பேசக் கற்றுக்கொண்டால் சங்கம் வளரும். பேச முடியாதவரை, 'உன் வேலையை அவன் பறிக்கிறான்' என்று முதலாளி ஓதுவதுதான் இவன் காதில் விழும். பாஷை வகுப்பை மூடியவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாபம் யாருக்கு?

மேற்கு வர்ஜீனியா மக்கள் இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1921இல் பிளேர் மலையில், சங்கம் வைக்கும் உரிமைக்காக ஏறத்தாழ 10,000 சுரங்கத் தொழிலாளிகள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டித் துப்பாக்கியோடு அணிவகுத்த பூமி அது. 2018இல் அந்த ராஜ்யத்தின் 55 கவுண்டிகளிலும் பள்ளி ஆசிரியர்கள் பள்ளியை மூடிவிட்டு வீதிக்கு வந்து, 5 சதவிகித ஊதிய உயர்வு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். 2023 ஆகஸ்ட் 21இல் சர்வகலாசாலை மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பலர் அதே சிவப்பு அணிந்து வந்தார்கள்.

அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் நிர்வாகம் கொஞ்சம் பின்வாங்கிற்று. ஸ்பானிஷுக்கும் சீனத்துக்கும் மட்டும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்களை வைத்துக்கொள்வதாகச் சொன்னது. பட்டப்படிப்பு இல்லை, விருப்பப் பாடம் மட்டும். செப்டம்பர் 15இல் நிர்வாகக் குழு கூடி 28 பட்டப்படிப்புகளையும் 143 ஆசிரியர் பதவிகளையும் வெட்டித் தீர்மானம் போட்டது. மாணவர்கள் போராடாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு பாஷைகளின் வகுப்பும் மிஞ்சியிருக்காது.