மணமூட்டல் துவைத்தல் ஆகாது: முனிர்காவின் கூண்டு விரிப்புகளை முன்வைத்து

முனிர்காவில் வாடகைக்கு அறை தேடும் தமிழ் மாணவர் விரைவில் கற்றுக்கொள்ளும் இந்திச் சொற்களுள் 'பத்பூ' ஒன்று. நாற்றம் என்பது அதன் பொருள். இறைச்சி சமைப்பவருக்கு அறை மறுப்பதற்கும், மூங்கில் குருத்து சமைப்பவரைக் காலி செய்யச் சொல்வதற்கும், முயலோ கினிப்பன்றியோ வளர்ப்பவரின் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதற்கும் அந்த ஒரு சொல்லே போதுமான காரணமாகிறது. முதல் இரண்டும் வெறும் முன்முடிவு. மூன்றாவது மட்டும் பல வேளைகளில் உண்மை. அந்த உண்மையை ஒப்புக்கொள்ளாமல் அதன்மேல் ரோஜா மணத்தையும் லாவண்டர் மணத்தையும் ஊற்றிவரும் படித்த வர்க்கத்தின் பழக்கம் கண்டிக்கத்தக்கது. அது துணியையும் கெடுக்கிறது, விலங்கையும் கெடுக்கிறது. இறுதியில் அழுக்கை வேறொருவர் கையில் கொடுத்துவிடுகிறது.

பேசப்படும் பொருள் சிறியது: கூண்டின் தரையில் விரிக்கப்படும் ஃபிளீஸ் துணி. மேலே ஃபிளீஸ், கீழே நீரை உறிஞ்சும் தடித்த துணி என இரண்டடுக்காகத் தைக்கப்பட்டது. மரத்தூளையும் காகிதத்தையும் வாங்கிக் கொட்டி வீசுவதைவிட மலிவானது, மீண்டும் பயன்படுவது, தில்லியின் டிசம்பர், சனவரிக் குளிருக்கு இதமானது என்பதால் சிறு விலங்கு வளர்ப்போர் இதனை விரும்புகின்றனர். விருப்பம் நியாயமானதே. ஆனால் அத்துணியின் இயல்பை அறியாமல் அதனைத் துவைக்க முடியாது.

ஃபிளீஸ் பருத்தியும் அன்று, கம்பளியும் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் ஆலை 1979இல் உருவாக்கிய பாலியஸ்டர் துணி வகை அது. தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் அதே நெகிழியே அதன் மூலப்பொருள். பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்காது. ஆகவே சிறுநீர் ஃபிளீஸில் தங்காமல் இழைகளின் இடைவெளி வழியே கீழடுக்குக்கு இறங்கிவிடுகிறது. விலங்கின் பாதம் உலர்ந்திருக்கிறது. ஆனால் நீரை ஏற்காத அதே இழை எண்ணெய்ப் பசையை இறுகப் பற்றும். விலங்கின் தோலெண்ணெய், முடியில் உள்ள கொழுப்பு ஆகியவை அதில் ஒட்டிக்கொள்கின்றன. பருத்தி உடையைவிடப் பாலியஸ்டர் உடையே உடற்பயிற்சிக்குப் பின் கடுமையாக நாறுவதை 2014இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் நுண்ணுயிரியல் சான்றுகளுடன் காட்டினர். ஃபிளீஸ் விரிப்பின் நாற்றமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

அதனுடன் சிறுநீர் சேர்கிறது. புதிய சிறுநீரில் உள்ள யூரியாவுக்குப் பெரிய நாற்றம் இல்லை. யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கும் நுண்ணுயிரிகள் அதனைப் பிளக்கும்போதுதான் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா பிறக்கிறது. அதாவது அம்மோனியா நாற்றம் என்பது காலத்தின் கணக்கு. விரிப்பு மாற்றப்படாமல் எத்தனை நாள் கிடந்தது என்பதை அது சொல்லிவிடுகிறது. மேலும் முயல், கினிப்பன்றி ஆகியவற்றின் சிறுநீர் காரத்தன்மை உடையது. கால்சியம் கார்பனேட் மிகுந்தது. காய்ந்தபின் வெண்ணிறப் படிவாக இழைகளுக்கிடையே இறுகிவிடும். அப்படிவின் அடியில் தேங்கும் அழுக்கைச் சலவைத்தூள் எட்டுவதில்லை.

இனி, பெரும்பாலோர் செய்வது யாது? மூன்று மடங்கு சலவைத்தூள். அதற்கு மேல், துணியை மென்மையாக்கி மணமூட்டுவதாக விளம்பரப்படுத்தப்படும் நீர்மம். அந்நீர்மத்தில் உள்ள நேர்மின்னேற்றச் சேர்மங்கள் இழையின்மேல் மெழுகுபோல் ஒரு படலமாகப் படிகின்றன. மென்மை என விற்கப்படுவது அப்படலமே. அது படிந்தபின் ஃபிளீஸ் சிறுநீரைக் கீழே இறக்காது. கீழடுக்கும் உறிஞ்சும் திறனை இழக்கும். சிறுநீர் மேலேயே தேங்கும், விரைவில் நாறும், இன்னும் அதிக மணநீர் ஊற்றப்படும். நாற்றத்தைப் போக்குவதாக விற்கப்படும் பொருளே நாற்றத்துக்குக் காரணமாகிறது. பின்னர் அதற்கே தேவையையும் உண்டாக்கிக்கொள்கிறது. வணிகத்துக்கு இதைவிட உகந்த சுழற்சி வேறில்லை. ஆய்வுமுறையியல் பயின்ற ஒருவர், ஒரு கரண்டித் தண்ணீரை விரிப்பில் ஊற்றி அது உள்ளே இறங்குகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைக்கூடச் செய்யாமல் விளம்பரத்தை நம்புவது வெட்கத்துக்குரியது.

கூண்டில் வாழும் உயிருக்கு இதில் ஒரு தரப்பு உண்டு. இத்தகைய நீர்மங்கள் பலவற்றில் மணப்பொருள் நுண்ணிய உறைகளில் அடைக்கப்பட்டிருக்கும். துணி உராயும்போது உறை உடைந்து மணம் வெளிப்படும். விரிப்பின்மேல் விலங்கு வைக்கும் ஒவ்வோர் அடியும் ஓர் உராய்வு. மனிதர் அறையைவிட்டு வெளியேறலாம். கினிப்பன்றி இருபத்து நான்கு மணி நேரமும் மூக்கைத் தரையோடு வைத்து அங்கேயே கிடக்கிறது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பணியாளருக்குப் பரிந்துரைக்கும் அம்மோனியா வரம்பு பத்து இலட்சத்தில் 25 பங்கு. அதுவும் ஒரு பணிநாளின் சராசரி அளவுக்கே. கூண்டில் பணிநேரம் முடிவதே இல்லை. மூச்சுக்குழாய்த் தொற்றுக்கு எளிதில் ஆளாகும் கினிப்பன்றிக்கு அம்மோனியாவும் மணப்பொருளும் இரட்டைச் சுமை. ஈரவிரிப்பில் நிற்பதால் வரும் பாதப்புண் மற்றொன்று. மணம் வளர்ப்பவரின் மனநிறைவுக்கு மட்டுமே. விலங்குக்கு வேண்டியது உலர்ந்த தரை.

இங்கே ஒரு மறுப்பு எழும். முனிர்கா ஒரு நகர்ப்புறக் கிராமம், லால் டோரா எல்லைக்குள் கட்டட விதிகள் தளர்த்தப்பட்டதால் நான்கைந்து மாடி வீடுகள் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன, சந்துகளில் நண்பகலிலும் வெயில் விழாது, தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்துக்கு மட்டும் வரும், அதுவும் கடினநீர். இந்நிலையில் செம்மையான சலவை எப்படி இயலும் என்பதே அம்மறுப்பு. இடநெருக்கடி உண்மை. ஆனால் அதிலிருந்து மணநீர் தீர்வாகிவிடாது. செய்யத்தக்க முறை இரண்டு வாளிகளுக்குள் அடங்கும்.

முதலில், துணி நனையும் முன்பே முடியையும் வைக்கோலையும் புழுக்கைகளையும் உதறித் துடைத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். நனைந்தபின் அவை இழைக்குள் புகும், குழாயையும் அடைக்கும். அடுத்து, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசிச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். பின்னர் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு நீர் என்ற அளவில் அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். அமிலம் அம்மோனியாவை நடுநிலையாக்கும், கால்சியப் படிவையும் கரைக்கும். வினிகரை முழுதும் அலசியபின் அளவான சலவைத்தூள். கடினநீரானால் சிறிது சலவைச் சோடா. நீர் இளஞ்சூடாக இருந்தால் எண்ணெய்ப் பசை எளிதில் விடும். நுரை முற்றிலும் நீங்கும்வரை அலச வேண்டும், ஏனெனில் எஞ்சிய சலவைத்தூளும் ஒரு படலமே. இறுதியில் மொட்டை மாடியில் முழுமையாக உலர்த்த வேண்டும். வெயில் இல்லாவிடில் காற்றாடிக்குக் கீழ் விரிக்கலாம். குறை ஈரத்தோடு மடிக்கலாகாது. ஈரத்துணியின் புழுங்கல் நாற்றத்துக்குப் பெருங்காரணமான நுண்ணுயிரியை 2012இல் சப்பானிய ஆய்வாளர்கள் இனங்கண்டனர். அது உலர்தலையும் தாங்கும், ஈரம் கிடைத்தால் பெருகும். புதிய ஃபிளீஸை மூன்று நான்கு முறை துவைத்த பின்னரே கூண்டில் விரிக்க வேண்டும். ஆலையில் பூசப்பட்ட நீர்விலக்குப் பூச்சு அப்போதுதான் நீங்கும். ஒன்று மட்டும் ஒருபோதும் கூடாது: சிறுநீர் தோய்ந்த துணியிலோ வினிகரிலோ குளோரின் வெளுப்பானைச் சேர்த்தல். முன்னதில் குளோரமின் நச்சாவியும் பின்னதில் குளோரின் வாயுவும் எழும். சாளரமில்லாத முனிர்காக் குளியலறையில் அது உயிராபத்து.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. தேவைப்படுவது மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரமும், கையால் தொடுவதற்கான மனமும். சிக்கல் அந்த மனத்தில்தான் இருக்கிறது.

நாற்றத்தைப் பற்றிக் கல்விப்புலத்துக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அலென் கோர்பன் பிரெஞ்சுச் சமூகத்தின் மணவரலாற்றை 1982இல் எழுதினார். கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் தீண்டாமையின் தொடுபுலனை 2012இல் நூலாக விவாதித்தனர். ஜோயல் லீ, சாதி எவ்வாறு நாற்றத்தின் வழியே இடத்தில் எழுதப்படுகிறது என்பதை 2017இல் ஆராய்ந்தார். முனிர்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளுக்கு இவை அயலானவை அல்ல. தில்லிக் காவல்துறை 2007இல் வடகிழக்கு மாணவர்களுக்கென வெளியிட்ட கையேடு, மூங்கில் குருத்தையும் அகுனியையும் அண்டை வீட்டார்க்குத் தொல்லையின்றிச் சமைக்கச் சொன்னபோது கண்டித்தவர்களும் இவ்வுலகத்தினரே. கண்டித்தது சரி. ஓர் உணவின் மணம் குற்றமாகாது. பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' என்னும் சொல்லே பின்னர் இழிபொருள் பெற்றது என்பதைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துச் சொல்லவும் வேண்டியதில்லை.

ஆனால் சமைத்த அகுனியின் மணமும் பத்து நாள் மாற்றாத விரிப்பின் அம்மோனியாவும் ஒன்றல்ல. முன்னது பண்பாடு, பின்னது புறக்கணிப்பு. வீட்டு உரிமையாளரின் முன்முடிவை எதிர்க்கும் நியாயத்தை, விரிப்பைத் துவைக்காமைக்குக் கேடயமாக்கிக்கொள்வது அந்த நியாயத்தையே மலிவாக்குகிறது.

அதனினும் கேடு, அவ்விரிப்பு இறுதியில் யார் கையை அடைகிறது என்பது. பல அறைகளில் வாரம் ஒருமுறை அது வீட்டுவேலைக்கு வரும் பெண்ணின் வாளிக்குள் போகிறது. பேசிய வேலை பாத்திரமும் தரையும். விரிப்பு சொல்லாமல் சேர்ந்துகொள்கிறது. அதற்குக் கூலி இல்லை, கையுறை இல்லை, வினிகரும் வெளுப்பானும் சேரக்கூடாது என்ற எச்சரிக்கையும் இல்லை. வீட்டுப் பணியாளருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை என்று கருத்தரங்கில் வருந்துவோரின் குளியலறையிலேயே இது நடக்கிறது.

தமிழ்ச் சூழலில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. உவர்மண்ணின் காரத்தாலும் வெள்ளாவியின் நீராவியாலும் துணியின் அழுக்கை நீக்கிய அறிவு வண்ணாருடையது. எண்ணெயைக் காரம் கரைக்கும், நுண்ணுயிரை வெப்பம் கொல்லும் என்னும் வேதியியலை அவர்கள் கையால் அறிந்திருந்தனர். தலித் மக்களின் துணியையும், பிரசவத்துணியையும் தீட்டுத்துணியையும் துவைத்த புதிரை வண்ணாரைச் சமூகம் கீழினும் கீழாக வைத்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் அவ்வாழ்வை நாவலாக்கியது. இன்று அது பாடநூல்களின் மேற்கோள். அந்நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டுத் தன் முயலின் சிறுநீர்த்துணியை மற்றொரு பெண்ணின் வாளிக்குள் தள்ளுபவர், அக்கட்டுரையின் பொருளைத் தாமே மறுக்கிறார்.

கூலி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். தனியாகப் பேசி, மறுக்கும் உரிமையோடு, தனிக்கூலியும் கையுறையும் கொடுத்து, முதல் அலசலை வளர்ப்பவரே முடித்துத் தருவாரெனில் அது ஓர் ஒப்பந்தம். அவ்வளவும் செய்பவருக்கு மீதியையும் தாமே செய்துவிடுவது கடினமாக இராது. விலங்கை வளர்ப்பது என்னும் முடிவில் அதன் சிறுநீரும் அடங்கும். கொஞ்சும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு துவைக்கும் கடமையை மட்டும் பிறருக்கு விடுவது அன்பின் கணக்கில் சேராது.

முனிர்காவின் கழிவுநீரும் எங்கோ போய்ச் சேர்கிறது. யமுனையில் காளிந்தி குஞ்ச் அருகே ஆண்டுதோறும் பொங்கும் வெண்ணுரையில் சலவைப்பொருள்களின் பங்கு உண்டு. ஆறு கிலோ பாலியஸ்டர் துணியை ஒருமுறை துவைத்தால் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்ணிழைகள் உதிரலாம் என 2016இல் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு கணித்தது. மூன்று மடங்கு தூளும் மணநீரும் இட்டு, நாற்றம் போகாமல் மீண்டும் மீண்டும் துவைப்பது ஆற்றுக்கும் இழப்பு. சரியாக ஒருமுறை துவைப்பதே அளவான வழி.

உலர்ந்த விரிப்பை முகத்தருகே கொண்டுவந்து முகர்ந்து பார்க்க வேண்டும். ரோஜா மணந்தால் அது துவைக்கப்படவில்லை, மூடப்பட்டிருக்கிறது. கண் கரித்தால் அது காலந்தாழ்ந்தது. எந்த மணமும் இல்லையெனில் துவைத்தாயிற்று. வீட்டு உரிமையாளர் அப்போதும் 'பத்பூ' என்றால், அவரை எதிர்க்கும் தகுதி அந்த ஆய்வு மாணவருக்கு முழுமையாக உண்டு.